சேற்றுப்புண்ணும் நகமும்

காவிரிப் படுகையில் சேற்றுப்புண் நெல் நடவோடு சேர்ந்தே வந்த நோய். நாற்றுப் பறிப்பவர்களும் நடவு நடுபவர்களும் பகல் முழுக்கக் கணுக்கால் ஆழச் சேற்றில் நிற்பார்கள். விரலிடுக்கு ஊறி வெளுக்கும், வெடிக்கும், அரிப்பும் எரிச்சலும் எடுக்கும். 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12 தண்ணீர் திறப்பு நாளாயிற்று. குறுவை, சம்பா, தாளடி என நடவு தொடர்ந்தால் கூலியாட்களின் கால் காய நாளே இராது.

நோய் புதிதல்ல. விரலிடுக்கு ஈரமாகி அரித்து எரிவதைப் பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை ‘அலசம்’ என்கிறது. கெட்ட சேறு படுவதே காரணம் என்றும் சொல்கிறது. நகம் கருத்துச் சொரசொரப்பாவதை ‘குநகம்’ என்று தனி நோயாக வைத்து, அடிபடுவதால் வருவது என்கிறது. சேற்றைக் கண்டுகொண்ட அந்தக் கூர்மை வியப்பூட்டுகிறது. ஆனால் இடுக்கில் குடியேறிய பூஞ்சையே நகத்துக்கும் ஏறும் என்பது வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடியதல்ல.

அந்தப் பூஞ்சைகளில் முதன்மையானதை 1910-இல் விவரித்தவர், அப்போது இலங்கையில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி. இன்று அதன் பெயர் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். தோலிலும் நகத்திலும் உள்ள கெரட்டினைத் தின்று வாழ்வது. நகத்தின் நுனியடியில் புகுந்து, மஞ்சளாக்கி, தடிக்கவைத்து, பொடிப்பொடியாக உதிர்க்கும். எப்போதும் நனைந்த கையில் நகக்கண் வீங்கினால், அந்த நகச்சுற்றில் பெரும்பாலும் கேண்டிடா என்னும் ஈஸ்ட் இருக்கும். மண்ணில் வாழும் ஃபுசேரியமும் சில நேரம் நகத்தைப் பிடிக்கும். நெல் நாற்றை வெளிறி நெடுநெடுவென வளரவைத்துச் சாகடிப்பதும் அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றே.

நடவுப் பெண்களின் மருந்து மருதாணி. அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொண்டு படுப்பார்கள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் உண்டு. மருதாணிக்குச் சிவப்பைத் தரும் லாசோன் பூஞ்சையைத் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே அந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. நகத்தின் உள்ளே போன பூஞ்சைக்கு மட்டும் அது எட்டாது. மருதாணி இட்ட நகத்தில் சிவப்பு மெல்ல மெல்ல நுனிக்கு நகர்வதைப் பார்த்தாலே நகநோய் நீடிக்கும் காரணம் விளங்கும்: கைநகம் மாதம் 3 மில்லிமீட்டர்தான் வளரும், கால் பெருவிரல் நகம் முழுதும் மாற ஓராண்டுக்கு மேல் ஆகும். கெட்ட நகம் வளர்ந்து கழியும்வரை மருந்து காத்திருக்க வேண்டும். 1939-இல் பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோஃபுல்வின் என்னும் பூஞ்சை மருந்து 1958-இல்தான் மனிதருக்கு மாத்திரையாயிற்று. அதுவும் கேண்டிடாவிடம் பலிக்காது. 1990-களில் டெர்பினாஃபின் வந்தபின்னும் கால்நகத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் விழுங்க வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அது நெடுங்காலம்.

நடவு இயந்திரம் பரவியபின் சேற்றில் நிற்கும் நாட்கள் குறைந்தன. இயந்திரம் திரும்ப முடியாத வயல் மூலைகளில் நடவு இன்றும் கையால்தான்.