பொது சுகாதார முதுகலைப் படிப்பு: கீழவாஞ்சூர் வட்டாரம்

காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில், நாகூரை ஒட்டிய கடற்கரை ஊர் கீழவாஞ்சூர். பொது சுகாதாரத்தில் முதுகலை பயில விரும்பும் இவ்வூரார் நாடக்கூடிய நிலையங்கள் புதுச்சேரி நகரில் உள்ளன: ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தில் ஈராண்டு எம்.பி.எச். (பொது சுகாதார முதுகலை); 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொது சுகாதாரப் பூச்சியியல் எம்.எஸ்சி. இந்தியாவில் எம்.பி.எச். வகுப்பை 1997இல் முன்னோடியாகத் தொடங்கியது திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம்.

இப்படிப்பின் உயிர் கள ஆய்வுதான். 2009 முதல் இயங்கும் கீழவாஞ்சூர்த் துறைமுகம் நிலக்கரியைக் கையாள்கிறது. நிலக்கரித் தூசு குறித்து நாகூர் மக்கள் நெடுநாளாக முறையிடுகின்றனர். இருமலுக்குத் தூசுதான் காரணமா என்று அறிய, வீடுவீடாகக் கேட்டால் மட்டும் போதாது. விறகடுப்பு எரிகிறதா, பீடி பிடிப்பவர் உண்டா, எந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். துறைமுகத்துக்குத் தொலைவான ஊர் ஒன்றோடு ஒப்பிடவும் வேண்டும். கீழவாஞ்சூர் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கும் நாகூர் தமிழ்நாட்டுக்கும் உரியவை என்பதால், மருத்துவமனைப் பதிவேடுகளை இரு அரசுகளிடமும் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். அலைச்சல் மிகுதி என்றாலும், இங்கே மிகவும் தேவையான ஆய்வு இதுவே.

எம்.பி.எச். வகுப்பில் மருத்துவர் அல்லாத பட்டதாரிகளும் சேரலாம். ஆனால் இந்தப் பட்டத்தை மட்டும் கொண்டு நோயாளிக்கு மருத்துவம் பார்க்க இயலாது.