தோட்டத்துக் கோயிலின் ஒலிபெருக்கி



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் திருவிழா என்றால், காவடி கண்ணில் படுவதற்கு முன்பே ஒலிபெருக்கியின் குரல் பனிமூட்டத்தைக் கடந்து லயத்து வீடுகளை எட்டிவிடும். அந்தக் குரலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1885ஆம் ஆண்டு நில அளவையாளர் வில்லியம் கேமரன் தம் பயணத்தில் குறித்த மலைநாடு இது. 1929இல் ஜே.ஏ.ரசல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இம்மலைத் தோட்டங்களில் உழைத்தோருள் நம் முன்னோரும் அடங்குவர். 1946இல் மலாயா வானொலி தோன்றிய காலத்தில் ஒலியைப் பெருக்கியவை கண்ணாடி வால்வுகளே. 1906இல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மும்முனை வால்வின் வழிவந்தவை அவை. வால்வு கெட்டால் குழியிலிருந்து பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகினால் பெரும்பாலும் போதும்.

1947ஆம் ஆண்டு திசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, தமிழில் திரிதடையம் எனப்படும் டிரான்சிஸ்டர். அதற்காக பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி ஆகிய மூவர் 1956இல் நோபல் பரிசு பெற்றனர். 1960களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 2என்3055 என்னும் ஆற்றல் திரிதடையம், 15 ஆம்பியர் மின்னோட்டம் தாங்கும் உலோகச் சிமிழாக உலகெங்கும் ஒலிபெருக்கிகளுள் குடிபுகுந்தது. எம்ஜே2955 அதன் எதிர்முனைத் துணை.

இவற்றை மாற்றுவது வால்வைச் செருகுவது போன்றதன்று. வெளியீட்டுத் திரிதடையம் ஒன்று உள்ளே குறுக்கிணைந்தால், அதன் இணையையும், அதை இயக்கும் சிறு திரிதடையத்தையும், உமிழ்வாய்த் தடையையும் சேர்த்தே எரிக்கக்கூடும். எனவே அனைத்தையும் அளந்து பார்க்க வேண்டும். உலோகச் சிமிழே சேகரிப்பு முனையாதலின், வெப்பத்தகட்டுக்கும் அதற்கும் இடையே மைக்காத் தாளும் வெப்பப் பசையும் தேவை. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, தொடரிணைப்பில் ஒரு குண்டு விளக்கை மாட்டுவார்கள். விளக்கு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே பழுது இன்னும் இருக்கிறது என்று பொருள். ஆயினும் புதிய உறுப்பு பெரும்பாலும் தப்பிவிடும்.

இதை நான் கற்றது ஒரு தவற்றால். சில ஆண்டுகளுக்கு முன்பு, திருவிழாவுக்கு மறுநாள் இருக்கையில் கோயில் ஒலிபெருக்கி ஊமையானது. "மலிவானதைப் போட்டு விரைவாகத் தாருங்கள்" என்று பழுது பார்ப்பவரை அவசரப்படுத்தியவன் நானே. மறுநாள் இரவு என் மாணவி தேவாரம் ஓதிக்கொண்டிருந்தாள். பாதிப் பாட்டில் ஒரு பெரும் உறுமல், பிறகு அமைதி. நேர்மின்னோட்டம் பாய்ந்து ஒலிவாயின் சுருளும் கருகிவிட்டது. அந்தப் பிள்ளை நிறுத்தவில்லை. வெறுங்குரலில் பாடி முடித்தாள். நான்தான் தலைகுனிந்து நின்றேன்.

பின்னர் ஒரு முதிய கைவினைஞர் அந்தச் சிமிழை அறுத்துக் காட்டினார். மேலே பெயர்பெற்ற எண். உள்ளே கடுகளவு சிலிக்கன். போலி! உண்மையானது இருமடங்கு விலையாயினும், ஒரே தொகுதியில் வந்த இணையாக வாங்கச் சொன்னார். உற்பத்தி முறை 1970களில் மாறியதால், ஒரே எண்ணுடைய பழையதும் புதியதும் ஒன்றுபோல் இயங்கா என்றும் விளக்கினார்.

அவர் பழுது பார்த்த ஒலிபெருக்கி இன்றும் பாடுகிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த இளையோர் நம் தோட்டங்களில் எத்தனை பேர்? கருவியை எறிவது எளிது. அறிவை எறிந்துவிட்டால் மீட்பது அரிது. மாணவர்களே, இக்கைத்தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள்.