டிரைவர் ஏன் கம்பைல் ஆகவில்லை? ஒரு பேங்க்காரன் தேடிய சரித்திரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொண்டாப்பூர் வீட்டில் கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் பெண்ணுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். முதல் நாள் இரவு லினக்ஸை புது வெர்ஷனுக்கு மாற்றிய புண்ணியவான் அடியேன்தான்.

"ஏங்க, நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்கு நோண்டினீங்க?" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்வி. பதில் இல்லை.

நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் வேலை. ஆனால் இந்த ஏரியாவில் லிஃப்டில் ஏறினால் நாலு பேரில் மூன்று பேர் சாஃப்ட்வேர். ஐந்தாவது மாடியில் இருக்கும் திருச்சிப் பையனைக் கூப்பிட்டேன். காபி குடித்துக்கொண்டே லாக் ஃபைலைத் திறந்தார்.

"சார், கடைசி வரியைப் பாக்காதீங்க. முதல்ல எங்க எரர் வந்திருக்குன்னு பாருங்க."

அட, இது நம்ம தொழில்தானே! டே புக் டேலி ஆகவில்லை என்றால் கடைசியில் நிற்கும் வித்தியாசத்தைப் பார்த்து என்ன பயன்? முதல் தப்பான என்ட்ரியைத்தான் தேட வேண்டும்.

தேடியதில் இரண்டு தப்பு கிடைத்தது. ஒன்று என்னுடையது. புது கெர்னல் வந்திருந்தது, அதற்கான ஹெடர் ஃபைல்களை நான் போடவில்லை. அதைப் போட்டு மறுபடி ஓட்டினோம். மறுபடியும் நின்றது. இந்தத் தடவை, 'ஐஓரீமேப்_நோகேஷ்' என்று ஒரு ஃபங்ஷனை டிரைவர் கூப்பிடுகிறது, அப்படி ஒன்று கெர்னலில் இல்லை என்று சொன்னது.

நேற்று வரை இருந்தது எங்கே போனது? அன்று இரவு அதைத் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

மூன்று நாள் இடைவெளியில்

2020 மார்ச் 29 அன்று லினக்ஸ் கெர்னல் 5.6 வெளியானது. 'ஐஓரீமேப்' என்ற இன்னொரு ஃபங்ஷனே அதே வேலையைச் செய்ததால், நோகேஷ் வேண்டாம் என்று அதில் எடுத்துவிட்டார்கள். அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த, கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை எல்லாம் அவர்களே திருத்திவிட்டார்கள். கெர்னலுக்கு வெளியே தனியாக இருந்த டிரைவர்களை அவர்கள் தொடவில்லை.

சரியாக மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 1 அன்று, ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஆந்திரா பேங்க், யூனியன் பேங்கோடு இணைந்தது. லெட்ஜருக்குள் இருந்த கணக்குகளை மாற்றுவது பேங்கின் பொறுப்பு. ஆனால் வாடிக்கையாளர் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய செக் புக்கையும், அவர் ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கும் பழைய ஐஎஃப்எஸ்சி கோடையும் அவர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். கெர்னல் கதையும் இதேதான்.

பிரிண்டரில் ஆரம்பித்த சண்டை

இந்தச் சண்டையின் வேரே ஒரு டிரைவர்தான் என்பது எனக்குப் புதுச் செய்தி. 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்ஐடி ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் வந்தது. பேப்பர் அடிக்கடி சிக்கும். ரிச்சர்ட் ஸ்டால்மேன் தானே சரிசெய்யலாம் என்று அதன் மூல நிரலைக் கேட்டார். கிடைக்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை ஆரம்பித்தார்.

கெர்னல்காரர்களின் சட்டம் ஒன்று உண்டு. மேலே ஓடும் புரோகிராம்களை உடைக்க மாட்டோம். ஆனால் உள் ஏற்பாடுகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம். அதனால் டிரைவர் எழுதுகிறவர்கள் நிரலைக் கொண்டுவந்து கெர்னலில் சேர்த்துவிடுங்கள், திருத்தும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். கிரெக் க்ரோ-ஹார்ட்மேன் இதை விளக்கி எழுதிய குறிப்பு கெர்னல் ஆவணங்களிலேயே இருக்கிறது.

கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனிகளுக்கோ தொழில் ரகசியம், காப்புரிமை, அடுத்தவரிடம் உரிமம் வாங்கிய நிரல் என்று ஆயிரம் சிக்கல். அதனால் பூட்டிய பெட்டி ஒன்றைக் கொடுத்து, அதைக் கெர்னலோடு ஒட்ட ஒரு சின்னத் துண்டு நிரலை மட்டும் திறந்து கொடுத்தார்கள். கெர்னல் மாறும்போதெல்லாம் நம் வீட்டில் மறுபடி கம்பைல் ஆக வேண்டியது அந்தத் துண்டுதான். 2003இல் டெல் கம்பெனிக்காரர்கள் டிகேஎம்எஸ் என்று ஒரு கருவி செய்தார்கள். புது கெர்னல் வந்தால் தானாகவே கம்பைல் செய்துவிடும். ஆனால் கூப்பிட்ட ஃபங்ஷனே இல்லை என்றால் அது மட்டும் என்ன செய்யும்?

2007 செப்டம்பரில் ஏஎம்டி தன் கார்டுகளின் தொழில்நுட்ப விவரங்களை வெளியிடுவதாக அறிவித்தது. என்விடியா கார்டுகளுக்குத் தன்னார்வலர்கள் தாங்களே ஆராய்ந்து எழுதிய நூவோ டிரைவர் 2010இல் கெர்னலுக்குள் வந்தது. 2012இல் ஒரு கல்லூரி மேடையில் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டியது உலகப் பிரசித்தம். :-) அதே என்விடியா 2022 மே மாதம் கெர்னலில் சேரும் பகுதியின் நிரலைத் திறந்துவிட்டது. ஆனால் 2018க்குப் பிறகு வந்த கார்டுகளுக்கு மட்டும். சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் ஆகட்டும், வேறு எது ஆகட்டும், உள்ளே இருப்பது இதே கெர்னல்தான்.

வீட்டில் என்ன ஆயிற்று?

என் கார்டு ரொம்பப் பழசு. அதைச் செய்தவர்கள் டிரைவர் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். பூட்டிய டிரைவரை எடுத்துவிட்டு, கெர்னலுக்குள்ளேயே இருக்கும் திறந்த டிரைவருக்கு மாறினோம். ராத்திரி ஒன்பதரைக்குத் திரை வந்தது. கேம் எல்லாம் மெதுவாகத்தான் ஓடுகிறது. ப்ராஜெக்ட் போய்ச் சேர்ந்துவிட்டது.

2025 அக்டோபர் 14 முதல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்திவிட்டதால் நம்மில் பல பேர் வீட்டில் பழைய மெஷின்கள் இப்போது லினக்ஸுக்குக் காத்திருக்கின்றன. போடுகிறவர்கள் மூன்றைக் கவனியுங்கள். கெர்னல் எண்ணும் ஹெடர் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். லாக்கில் முதல் எரரைப் படியுங்கள். கறுப்புத் திரை வந்தால் பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய வேலை ஓடிவிடும்.

வெளியூரில் இருக்கும் நமக்கு இது புதிதா என்ன? ஊரில் குடும்ப அட்டை மாறினாலும் பேங்க் கோடு மாறினாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு அன்றே தெரிந்துவிடும். நாம் அடுத்த லீவுக்குப் போய் நிற்கும்போதுதான் நமக்குத் தெரியும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவின் பாஸ்புக்கை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பழைய ஐஎஃப்எஸ்சி இருந்தால் அங்கேயே மாற்றிவிட்டு வாருங்கள்.

பி.கு.: திருச்சிப் பையனுக்கு வீட்டுக்காரி அடை, அவியல் போட்டாள். ஹெடர் போட மறந்த விஷயத்தை அவர் இன்னும் வெளியே சொல்லவில்லை. நானே சொல்லிவிட்டேன்.