ஜரோசைட்டு

பொட்டாசியமும் ஃபெரிக் இரும்பும் ஐதராக்சில் தொகுதியும் சேர்ந்த சல்பேட்டுக் கனிமமான ஜரோசைட்டு, ஸ்பெயினின் சியரா அல்மகிரேரா மலைப்பகுதியிலுள்ள ஹரோசோ பள்ளத்தாக்கின் பெயரால் 1852இல் விவரிக்கப்பட்டது. இரும்புச் சல்பைடான பைரைட்டு காற்றும் நீரும் பட்டு ஆக்சிசனேற்றமடையும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அதனால் நீரின் பி.எச். மதிப்பு, அதாவது அமிலத்தன்மை மிகும்போது குறையும் அளவீடு, ஏறத்தாழ 3க்கும் கீழே இறங்கிய சுரங்க ஓடைகளில் இக்கனிமம் மஞ்சளும் பழுப்புமான பொடிப் படிவாகப் படிகிறது. அமிலம் தணிந்தால் இது நிலைகுலைந்து, கோதைட்டு போன்ற இரும்பு ஆக்சைடுகளாக மெல்ல மாறிவிடும். துத்தநாக ஆலைகள் கரைசலிலுள்ள இரும்பை நீக்க இதனையே செயற்கையாக வீழ்படிவாக்குகின்றன. இவ்வாறு சேரும், நச்சு உலோகங்கள் கலந்த வீழ்படிவுச் சேற்றை அப்புறப்படுத்துவதோ எளிதன்று. 2004இல் செவ்வாயின் மெரிடியானி சமவெளிப் பாறைகளில் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தி, மோஸ்பவர் நிறமாலைமானியின் துணையால் இக்கனிமத்தை அடையாளங்கண்டது. நீரின்றி இது உருவாவதில்லை என்பதால், அங்கு முற்காலத்தில் அமில நீர் இருந்தமைக்கு இக்கண்டுபிடிப்பு வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது.