கக்கூஸ் கட்டாத காசு

நீலகிரியில் இருக்கும் ஒரு சின்ன சுகாதார அமைப்புக்கு நிதி விண்ணப்பம் எழுதித் தருவது என் வேலைகளில் ஒன்று. யாருடைய படிவமாக இருந்தாலும் ஒரு கட்டம் தவறாமல் வரும்: 'பயனாளிகளின் எண்ணிக்கை'. அதை நிரப்பும்போதெல்லாம் அம்மாயி சொன்ன கதை ஞாபகத்துக்கு வரும்.

அம்மாயி இலங்கையில், மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். அவருடைய அம்மா சிறுபிள்ளையாக இருந்தபோது நடந்ததாம் இது. "விடியக்காலையில பெரட்டுக்களத்துல வரிசையா நிப்பாட்டி, வெறும் வயித்துல மருந்து குடுத்தாங்களாம். நாத்தம் தாங்காதாம். முழுங்குற வரைக்கும் எதிர்லயே நிப்பாங்களாம்." யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், "தொரதான், வேற யாரு?" என்பார்.

அந்த மருந்துக்குப் பின்னால் துரையின் பணம் மட்டும் இல்லை, அமெரிக்க எண்ணெய்ப் பணமும் இருந்தது என்பது எனக்குப் பல வருஷம் கழித்து, வாசிப்பில்தான் தெரிந்தது.

1909-ல் ஜான் டி. ராக்ஃபெல்லர், அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கினார். கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணுக்கு வரும். ஈர மண்ணில் பொரிக்கும் இளம்புழு, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஆள் சோகை பிடித்து வெளுத்துப் போவார். பார்க்கிறவர்கள் 'சோம்பேறி' என்பார்கள்.

அங்கே அந்தப் பணம் ஊர்களுக்குள் போன விதம் கவனிக்க வேண்டியது. அந்தந்த கவுண்டி நிர்வாகமும் முகாம் செலவில் பங்கு போட்டது. முகாம்கள் கிட்டத்தட்ட திருவிழா மாதிரி நடந்தன. நுண்ணோக்கி வழியாகப் புழு முட்டையை ஜனங்களே எட்டிப் பார்த்தார்கள். ஐந்து வருஷத்தில் சுமார் ஏழு லட்சம் பேருக்குச் சிகிச்சை நடந்தது. 'நாங்கள் கொஞ்சம் போடுகிறோம், நீங்களும் போடுங்கள், பிறகு நீங்களே நடத்துங்கள்' என்பதுதான் கொள்கை. இன்றைய நிதி அமைப்புகள் 'இணைநிதி' என்று கேட்பதன் பழைய வடிவம்.

1913-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உருவானது. அதே வேலை கடல் தாண்டியது. விக்டர் ஹைசர் என்ற மருத்துவர் கிழக்கு நாடுகளுக்குப் பொறுப்பாளர். 1916-ல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு இயக்கம் தொடங்கியது. இங்கே 'உள்ளூர்' என்பது யார்? காலனி அரசாங்கமும் தோட்ட முதலாளிமாரும். அவர்களிடம் பேச ஒரு வாதம் கைவசம் இருந்தது: புழு போனால் கூலி அதிகம் வேலை செய்வார். லயத்தில் இருந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டதாக அம்மாயி கதையில் இல்லை. பெரட்டுக்கு வந்தார்கள், நின்றார்கள், குடித்தார்கள்.

குடித்தது பெரும்பாலும் கீனோபோடியம் எண்ணெய். பிறகு பேதி மருந்து. புழு செத்து விழும். ஆனால் மண்ணில் இருக்கும் புழுவுக்கு மருந்து கிடையாது. அதற்குக் கக்கூஸ் கட்ட வேண்டும். மருந்துக்குப் பங்கு போடத் தயாராக இருந்த துரைமார் பலர் கக்கூஸ் செலவென்றதும் பின்வாங்கினார்கள். மருந்து குடித்தவர் அதே தேயிலை நிரையில் அதே வெறுங்காலோடு நடந்தார். புழு மறுபடி ஏறியது. 'சிகிச்சை பெற்றோர்' எண்ணிக்கை மட்டும் அறிக்கையில் நன்றாகவே வந்தது.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தோல்வியிலிருந்து அவர்கள் கற்றார்கள். 1926-ல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரே நோயைத் துரத்துவதை விட்டுவிட்டு, ஒரு வட்டாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவச்சி, தாதி, துப்புரவு ஆய்வாளர், பள்ளிக்கூடப் பரிசோதனை, கக்கூஸ் எல்லாம் ஒரே நிர்வாகத்தில். அரசும் பணம் போட்டது, பிறகு முழுசாக ஏற்றுக்கொண்டது. அந்த மாதிரி தீவெங்கும் பரவியது. இலங்கையின் பொதுச் சுகாதாரம் இன்று பெயர் வாங்கியிருப்பதில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு.

ஆனால் தோட்டங்களின் மருத்துவம் நெடுங்காலம் முதலாளிமார் கையிலேயே தனியாகக் கிடந்தது. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து பெரும்பாலான தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. கிராமத்துக்காரர் ஓட்டைக் காட்டிக் கேட்டு வாங்கியதை, லயத்துக்காரர் யாரிடம் போய்க் கேட்பது?

போன மாதம் ஒரு விண்ணப்பத்துக்காகப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புக்குப் போனேன். ரத்தசோகைப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை என்று திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்ட ஒரு அக்கா கடைசியில் சொன்னார்: "மாத்திரையெல்லாம் குடுங்க தம்பி, வேணாங்கல. அந்தக் கக்கூஸுக்குத் தண்ணி வருமா, அதச் சொல்லுங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 'பிற விவரங்கள்' என்ற இடத்தில், அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.