ஒரே டயானா, இரண்டு ஊர்

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் பழம்பொருள் கடைகளில் உருளிக்கும் குத்துவிளக்குக்கும் வயது சொல்ல ஆள் உண்டு. பழைய காற்றுத் துப்பாக்கிக்கு அப்படி ஆள் கிடைப்பது அரிது. வேட்டைத் தேவதையின் உருவமும் ‘டயானா’ என்ற பெயரும் இருந்துவிட்டால் ஜெர்மன் சரக்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த இரண்டையும் நம்பி விலை பேசக் கூடாது. ஒரே பெயரில், ஒரே சின்னத்தோடு, இரண்டு நாடுகளில் டயானா தயாரானது.

முதல் ஊர் ஜெர்மனியின் ராஸ்டாட். யாக்கோப் மாயரும் யோசெப் கிராமெல்ஸ்பாக்கரும் 1890-ல் அங்கே தொழிற்சாலை தொடங்கினார்கள். தொடக்க காலத் தயாரிப்புகளில் ‘எம்.ஜி.ஆர்.’ என்ற எழுத்துகள் இருக்கும். நமக்குப் பழகிய மூன்றெழுத்துதான். இங்கே அது மாயர், கிராமெல்ஸ்பாக்கர், ராஸ்டாட். இதைக் கண்டால் நிதானமாகப் பாருங்கள், கையில் இருப்பது அரிய பொருளாக இருக்கலாம்.

இரண்டாவது ஊர் ஸ்காட்லாந்தின் மதர்வெல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் ராஸ்டாட் தொழிற்சாலையின் இயந்திரங்கள் போர் இழப்பீடாகப் பிரிட்டனுக்குப் போயின. அவற்றோடு டயானா பெயரையும் பெற்ற மில்லார்ட் பிரதர்ஸ், சுருக்கமாக ‘மில்ப்ரோ’, போருக்கு முந்தைய ஜெர்மன் வடிவங்களையே தொடர்ந்து செய்தது. ராஸ்டாட் 1950 வாக்கில் மீண்டும் உற்பத்தியைத் தொடங்கியபோது, பிரிட்டனில் தன் பெயரிலேயே விற்க வழியில்லை. ‘ஒரிஜினல்’, ‘கெகாடோ’ என்ற பெயர்களில்தான் அங்கே விற்றது.

ஆகவே மாடல் 27 என்ற எண்ணைப் பார்த்து ஊரைச் சொல்ல முடியாது. இரண்டு ஊரிலும் 27 உண்டு. குழலை மடக்கிச் சுருள்வில்லை அமுக்கும் முறையும் ஒன்றே. முதலில் படிக்க வேண்டியது உலோகத்தில் பொறித்த நாட்டின் பெயர். ‘கிரேட் பிரிட்டன்’ என்றிருந்தால் மதர்வெல். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்குப் பிந்தைய ராஸ்டாட். அடுத்து, உருளையின் பின்பகுதியில், கட்டையை ஒட்டிய இடத்தில் தேடுங்கள். போருக்குப் பிந்தைய ராஸ்டாட் துப்பாக்கிகளில் மாதமும் ஆண்டும் பொடி இலக்கங்களாக அங்கே இருக்கும். பழக்கமுள்ளவர் விசையை அழுத்தியே வேறுபாட்டைச் சொல்லிவிடுவார்: போருக்குப் பிந்தைய ராஸ்டாட் 27-ல் பிஸ்டனைப் பிடித்து நிறுத்துபவை மூன்று சிறிய எஃகுக் குண்டுகள். அந்த விசை தெளிவாக, மென்மையாக விடுபடும். மதர்வெல் துப்பாக்கியில் இருப்பது பழைய, எளிய கொக்கி விசை.

மதர்வெல் டயானாவைப் போலி என்று ஒதுக்குவது அநியாயம். ராஸ்டாட் இயந்திரங்களில் பிறந்தது அது. போருக்கு முந்தைய வடிவத்துக்கு அதுவே நெருங்கிய உறவு. சுடுவதற்கென்றால் நான் போருக்குப் பிந்தைய ராஸ்டாட் 27-ஐத்தான் எடுப்பேன். ஆனால் போருக்கு முந்தைய ஜெர்மன் துப்பாக்கியின் விலையை இவை இரண்டுக்குமே கொடுக்க மாட்டேன்.

வாங்குமுன் குழலின் துளையை அளந்துகொள்ளுங்கள். 27-ல் 4.5 மி.மீ., 5.5 மி.மீ. என இரண்டும் உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளையைத் தாண்டினாலோ, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டினாலோ உரிமம் வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பளபளப்புக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். ஊரும் ஆண்டும் அந்தப் பொடி எழுத்துகளில்தான் இருக்கின்றன.