ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது: டீசல் காரின் ஹீட்டர் பிளக் கதை

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நன்றாக அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1892-ல் காப்புரிமை கேட்டதும், 1897-ல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் ஆலையில் ஓட்டிக் காட்டியதும் இந்த யோசனையைத்தான். ஆலையில் ஒரே இடத்தில் நிற்கிற ராட்சத எஞ்சினை அழுத்திய காற்றை விட்டுச் சுழற்றலாம், பக்கத்திலேயே ஆளும் இருப்பான். அதைக் காருக்குள் கொண்டுவரப் பார்த்தபோதுதான் காலை நேரத் தலைவலி ஆரம்பம்.

பென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ப்ராஸ்பர் லொராஞ்ச் 1909-ல் ப்ரீ-சேம்பருக்குக் காப்புரிமை எடுத்தார். சிலிண்டர் தலையில் ஒரு சின்ன அறை. டீசல் முதலில் அங்கே பற்றி, பிறகு சிலிண்டருக்குள் பாயும். சின்ன எஞ்சின் சாத்தியமானது இதனால்தான். ஆனால் அறைச் சுவர் குளிர்ந்திருந்தால் காற்றின் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும், டீசல் பற்றாது. அதனால் அறைக்குள் மின்சாரத்தில் பழுக்கிற ஒரு கம்பி வைக்க வேண்டியிருந்தது. நம்ம ஊர் மெக்கானிக் ‘ஹீட்டர் பிளக்’ என்று சொல்வது அதைத்தான். 1936-ல் பெர்லின் கண்காட்சிக்கு வந்த மெர்சிடிஸ் 260 டி காரும் ப்ரீ-சேம்பர் வண்டிதான்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. 1950-களின் மெர்சிடிஸ் 180 டி போன்ற கார்களில் நாலு பிளக்கையும் ஒரே வரிசையாக, சீரியஸில் கோத்திருந்தார்கள். அதே வரிசையில் டாஷ்போர்டில் ஒரு சின்னக் கம்பிச்சுருள். குமிழை இழுத்துப் பிடித்தால் சுருள் சிவக்கும். சிவந்தால் பிளக்குகளும் சிவந்தன என்று அர்த்தம். ஒரு பிளக் போனால் மொத்தமும் அவுட், கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி. சுருள் சிவக்காது, வண்டியும் எடுக்காது. எரிச்சல்தான், ஆனால் நோய் முகத்திலேயே எழுதியிருந்தது.

1980 வாக்கில் மெர்சிடிஸ் பென்சில் மாதிரியான பிளக்குகளுக்கு மாறியது. இணைப்பு பேரலல், சீக்கிரம் சூடாகும், ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்யும். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது’ என்ற வியாதி வளர்ந்தது இந்த வசதியில்தான் என்பது என் கருத்து. நாலில் ஒன்று செத்தால் காலையில் கொஞ்சம் உதறி, வெள்ளைப் புகை தள்ளி, எடுத்துவிடும். இரண்டு செத்தால் வெயில் நாளில் எடுக்கும், பனி நாளில் மக்கர். சமவெளியில் மாசக்கணக்கில் ஓடிய வண்டி ஊட்டியில் ஒரு ராத்திரி நின்றால் குட்டு வெளிப்படும். சோதிப்பது சுலபம்: பிளக்கின் வயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவுக்கும் பிளக் முனைக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்தால், எரியாத பிளக் செத்தது.

எல்லாப் பழியையும் பிளக் மேல் போடவும் முடியாது. டீசல் லைனில் எங்கோ மயிரிழை ஓட்டை இருந்தால் ராத்திரி முழுக்கக் காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் நீளமாகச் சுற்ற வேண்டும். ஒருமுறை எடுத்துவிட்டால் நாள் பூரா பிரச்சினையே இல்லை. இதைத் தெரியாமல் பம்ப்பை இறக்கி ஓவர்ஹால் செய்து பெரிய பில் போட்ட கதை எனக்கே தெரியும், கடைசியில் மாற்றியது ஒரு முழம் ஓஸ். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரியான ஓஸ் ஒன்றை மாட்டி, குமிழி ஓடுகிறதா என்று பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. பேட்டரி தளர்ந்து மெதுவாகச் சுற்றினாலும் அழுத்தச் சூடு போதாது. அதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156-ல் காமன் ரெயில் வந்தது. அதன் பிறகு எஞ்சின் சுற்றினால் மட்டும் போதாது. ரெயிலில் போதிய அழுத்தம் ஏறியதா, கிராங்க் சென்சார் சிக்னல் தருகிறதா என்று கம்ப்யூட்டர் பார்த்த பிறகுதான் டீசலை விடும். இதில் வியாதி தலைகீழ். காலையில் ஜோராக எடுக்கும் வண்டி, நெடுந்தூரம் ஓடி டீ குடிக்க நிறுத்தியதும் எடுக்காது. சென்சார் சூட்டில் மயங்கியிருக்கும். அரை மணியில் ஆறிவிடும். மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி எடுக்கும்.